தேங்காய் மாதிரி தட்டிப் பார்த்து வாங்கிய ஹெட்போன்: டெனான் ஏஎச்-டி5000

மரக் கிண்ணம் (காதின் மேல் கவிழும் வெளிக்கூடு) வைத்த ஹெட்போன் எது கைக்கு வந்தாலும் முதலில் விரல் முட்டியால் வெளிப்பக்கம் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். தேங்காய் வாங்குகிறவன் பழக்கம், விடவில்லை. டோக்கியோவின் நகானோ பிராட்வே கடை வளாகத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பழைய ஆடியோ சாமான் கடையில் நான் இதைச் செய்தபோது கல்லாவில் இருந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஜப்பானில் யாரும் கடைச் சரக்கைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள் போல. தேங்காயில் கணீரென்று கேட்க வேண்டும். இதில் நேர் எதிர். "டொக்" என்று ஒரு சத்தம், அதுவும் உடனே செத்துவிட வேண்டும். டி5000 அப்படித்தான் சொன்னது. வாங்கிவிட்டேன், 38,000 யென்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மரத்தைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்ததில் பாதி நடுவில் மாறிப்போனதால்தான் தள்ளிப்போனது.

முதலில் சாமானைப் பற்றி. டெனான் 2007ல் இரண்டு மாடல்களைக் கொண்டுவந்தது. டி2000, அதற்கு மேலே டி5000. அடுத்த வருடம் டி7000 சேர்ந்துகொண்டது. அமெரிக்க விலையில் டி2000 349 டாலர், டி5000 699, டி7000 999. டி5000க்கும் டி7000க்கும் மகோகனி மரக் கிண்ணம். டி2000க்கு மரம் கிடையாது. மூன்றுக்கும் உள்ளே இருப்பது 50 மில்லிமீட்டர் டிரைவர் (சத்தத்தை உண்டாக்குகிற குட்டி ஸ்பீக்கர்), அதில் அதிர்கிற சவ்வான மைக்ரோஃபைபர் டயாப்ரம், எல்லாம் ஒரே குடும்பம். பெயர்ப் பலகைதான் டெனான், செய்து கொடுத்தது ஃபாஸ்டர் என்ற கம்பெனி. அவர்களுடைய சொந்த பிராண்டுதான் ஃபாஸ்டெக்ஸ். 2012 வாக்கில் டெனான் இந்த வரிசையை முடித்துவிட்டு வேறு வடிவத்துக்குப் போனது. அதே வருடம் ஃபாஸ்டெக்ஸ் தன் பெயரிலேயே டிஎச்900 என்று அரக்குப் பூச்சு போட்ட மரக் கிண்ணத்தோடு ஒன்றைக் கொண்டுவந்தது. அதனால் பழைய டெனானைப் பிடித்தவர்கள் அப்படியே ஃபாஸ்டெக்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். டெனானும் 2016ல் வால்நட் மரத்தோடு டி7200, அப்புறம் கோச்சி மாகாணத்து மூங்கிலில் டி9200 என்று திரும்பி வந்தது, ஆனால் அவற்றின் சத்தம் வேறு ஜாதி.

இருபது வருடம்கூட ஆகாத சாமானை 'விண்டேஜ்' என்கிறாயே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஹெட்போன் உலகத்தில் காது பேட் (காதைச் சுற்றி அமர்கிற மெத்தை) மக்கிப்போய், உதிரி பாகம் கம்பெனியில் கிடைக்காமல், வாங்குவதற்கு முன் உள்ளே யார் கை வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால் அது விண்டேஜ்தான். என் கணக்கு அது.

கையில் எடுத்தால் நிஜமாகவே அழகு. சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், மேலே பளபளப்புப் பூச்சு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் மரத்தின் ரேகை நகர்கிற மாதிரி இருக்கும். இடது கிண்ணத்தின் ரேகையும் வலது கிண்ணத்தின் ரேகையும் ஒன்று போல இல்லை, இருக்கவும் முடியாது. என்னுடையதில் வலது பக்கம் கீழ் விளிம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு நசுங்கல், முந்தைய சொந்தக்காரர் மேஜை முனையில் இடித்திருப்பார். அதனால்தான் எனக்கு இந்த விலைக்குக் கிடைத்தது. எடை 370 கிராம், ஆனால் தலையில் அவ்வளவு தெரியாது. தலைப்பட்டை மெத்தென்று இருக்கும், இறுக்கம் குறைவு, மூன்று மணி நேரம் போட்டிருந்தாலும் தலைவலி இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும் கவனிக்கவும். கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி விட்டுவிடும், அந்த இடைவெளி வழியாக இந்த ஹெட்போனின் பாதி பெருமை வெளியே போய்விடும். நான் பாட்டு கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். மேஜையில் எங்கே வைத்தேன் என்று அப்புறம் தடவித் தேடுவது தனிக்கதை.

கேபிள் மூன்று மீட்டர் நீளம், துணி சுற்றியது, கழற்ற முடியாது, நுனியில் பெரிய 6.3 மில்லிமீட்டர் பின். அதாவது வீட்டில், ஒரு நாற்காலியில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கச் செய்தது. சூவோ லைன் ரயிலில் இதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று யாராவது நினைத்தால் கேபிள் பக்கத்து ஆளின் பை வரைக்கும் போகும். மூடிய ரகம், அதாவது கிண்ணத்தின் முதுகு அடைத்தது என்று பெயரே தவிர வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது, ஏசி ஓடுவது நன்றாகவே கேட்கும். இயக்குவது சுலபம். 25 ஓம் தான், சின்ன யூஎஸ்பி டாங்கிள் போதும். இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சரி, சத்தம்.

பேஸ் தான் இதன் ஊர்ப்பெயர். நிறைய பேஸ் என்று சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். கார் டிக்கியில் வைத்து அதிர விடுகிற பேஸ் இல்லை. மிக ஆழத்துக்கு இறங்கி, இறங்கிய இடத்திலும் உருக்கலையாமல் நிற்கிற பேஸ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவை அப்பியிருப்பார்களே, அந்தக் கனமான கும்கியை வாசிப்பவர் உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும்போது சுருதி மேலே வழுக்கிப் போகும். பெரும்பாலான ஹெட்போன்களில் அது "தும்" என்று ஒரே ஒரு சத்தமாகக் கேட்கும். இதில் அந்த வழுக்கல் முழுவதும் கேட்கிறது, எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்பது வரைக்கும். முதல் ராத்திரி ஒரே தனி ஆவர்த்தனத்தை நாலு தடவை போட்டேன். பைப் ஆர்கன் பதிவுகளில் மிகக் கீழே இருக்கிற சுரங்கள் சத்தமாக வராமல் அறையின் காற்றழுத்தமே மாறினது மாதிரி வரும்.

அதற்கு விலை நடுப்பகுதி, அதாவது குரல்கள் இருக்கிற இடம். பாட்டுக்காரர் நாலாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். அதுவும் பெண் குரல்களில் அந்தத் தூரம் தெளிவாகத் தெரியும். குரல் கெட்டுப்போவதில்லை, தள்ளிப்போகிறது. கச்சேரி பதிவில் வயலின் முன்னால், மிருதங்கம் இன்னும் முன்னால், பாடுகிறவர் கொஞ்சம் பின்னால். சாகித்தியத்தின் ஒவ்வொரு எழுத்தும் மூக்குக்கு நேரே வந்து விழ வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, நான் முதல்லேயே சொல்லிவிடுகிறேன். மேல்பகுதி பளிச்சென்று இருக்கும், சில நேரம் தேவைக்கு மேலேயே. கடத்தின் மேல் மோதிர விரல் படும் சத்தம் அருமை, ஆனால் மைக்கைக் கிட்ட வைத்துப் பதிவு செய்த நாதஸ்வரத்தைச் சத்தம் கூட்டிக் கேட்டால் காது கூசும். "ச", "ஸ" எழுத்துகள் சில பழைய டிஜிட்டல் பதிவுகளில் சீறும்.

இடப்பரப்பு, அதாவது சத்தம் எவ்வளவு விரிந்து கேட்கிறது என்பதுதான் எல்லோரும் வியக்கிற விஷயம். மூடிய ஹெட்போனில் சாதாரணமாக மண்டைக்குள்ளேயே கச்சேரி நடக்கும். இதில் காதுக்கு வெளியே ஒரு சாண் தூரத்துக்காவது போகிறது. கிண்ணம் பெரிது, உள்ளே காற்று நிறைய, டிரைவர் காதிலிருந்து சற்று தள்ளி இருக்கிறது, அதனால் என்று நினைக்கிறேன். நான் இதையெல்லாம் ஒரு வருடம் முன்னால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்: மரம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது என் நண்பன். தஞ்சாவூர்க்காரன், டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமாவில் இருக்கிறான், என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஏலத்தில் ஒரு டி2000 எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "என்னடா, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படி இருக்கும், என்னுடையது மரம்.

"சரி, கிண்ணத்த மாத்திப் பாத்துரலாம்" என்றான்.

இந்த மாடல்களில் அது சுலபம். பேடைக் கொஞ்சம் திருகினால் கையோடு வந்துவிடும், அடியில் நாலு திருகு, அதைக் கழற்றினால் கிண்ணம் தனியாக வரும், பற்றவைப்பு வேலை எதுவும் இல்லை. இரண்டு மாடலுக்கும் கிண்ணம் ஒன்றுக்கொன்று பொருந்தும். இதை வைத்தே அமெரிக்காவில் கைவினைஞர்கள் டி2000க்கு விதவிதமான மரத்தில் கிண்ணம் கடைந்து விற்றார்கள். சாப்பாட்டு மேஜையில் நியூஸ் பேப்பர் விரித்து, இரண்டிலும் கழற்றிய பதினாறு திருகையும் டீ சாசரில் போட்டு, என் மகோகனியை அவன் டி2000ல் பூட்டினோம். பேடுகள் அவனுடையவைதான், அதே பழைய பேடுகள். வேறு எதையும் தொடவில்லை.

அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதனை. கை கிண்ணத்தில் படக்கூடாது, மற்றவன்தான் தலையில் மாட்டிவிட வேண்டும். ஆறு சுற்று. கிண்ணம் மாற்ற ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நிமிடம் ஆகும் என்பதால் அதற்கு மேல் பொறுமை இல்லை. எது மரம் என்று நான் ஆறில் நாலு சரியாகச் சொன்னேன். பெருமைப்பட்டேன், அவன் பாக்கெட்டிலிருந்து பத்து யென் காசை எடுத்து ஆறு முறை சுண்டினான். அதுவும் நாலு சரி.

உண்மையைச் சொன்னால், மரத்தோடு கேட்கும்போது பேஸும் குரலும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னச் சுத்தம் இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன். ஆண் குரலின் கீழ்ப்பகுதியில் ஒரு மெல்லிய கசகசப்பு இல்லாமல் போகிறது. ஆனால் அது நான் அதுவரை மரத்துக்கு எழுதி வைத்திருந்த பெருமையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கடைசியில் அவனுடைய அப்பளமாகிப்போன பேடைக் கழற்றிவிட்டு என்னுடைய புது பேடை மாட்டினோம். கண் கட்டத் தேவையே இல்லை. பேஸ் வந்தது, இடம் விரிந்தது, குரல் ஒரு வரிசை முன்னால் வந்தது. நாலாயிரம் யென் பேட்.

மாலையில் டீ குடிக்கும்போது அவன் சொன்னதுதான் எனக்கு விஷயத்தைத் திருப்பிப் போட்டது. அவர்கள் ஊரில் வீணை செய்கிறவர்கள் பலாமரத்தைத் தேடித் தேடி எடுப்பார்கள், குடத்தைக் குடைந்து குடைந்து, தட்டிப் பார்த்து, அது பேச ஆரம்பிக்கிற வரைக்கும் செதுக்குவார்கள். மிருதங்கத்துக்கும் பலாக்கட்டைதான். அங்கே மரம் பாட வேண்டும். ஹெட்போன் கிண்ணம் பாட ஆரம்பித்தால் கதை முடிந்தது. டிரைவரின் முதுகிலிருந்து வருகிற சத்தம் கிண்ணத்துக்குள் அடைபட்டுச் சுவரில் மோதும்போது, அந்தச் சுவர் தன் சொந்தச் சுருதியில் கூட ஒத்து ஊதினால் எல்லாப் பாட்டிலும் ஒரே கறை விழும். மெல்லிய பிளாஸ்டிக் ஊதும், உலோகம் மணியடிக்கும். மரம் அதிர்வை உள்ளேயே உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அதாவது நான் இத்தனை நாள் "மரத்தின் சத்தம்" என்று மெச்சிக்கொண்டிருந்தது மரம் சத்தம் போடாமல் இருந்ததை. அந்த "டொக்" அதுதான்.

சோனி எம்டிஆர்-ஆர்10 பற்றிச் சொல்லாமல் மர ஹெட்போன் பேச்சு பேச முடியாது. 1989ல் வந்தது, அப்போதே 360,000 யென். கிண்ணம் கெயாகி மரத்தில் கடைந்தது. அந்த மரத்தின் வேறு வேலைகளைப் பாருங்கள்: கியோட்டோவில் கியோமிசு கோயில் மேடையைத் தாங்குகிற தூண்கள் கெயாகி, ஜப்பானியப் பெரிய மேளமான தைகோவின் உடம்பும் நல்லதென்றால் கெயாகிதான். மேளத்தில் ஊரையே எழுப்புகிற மரத்தை இங்கே காதோரம் பேசாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் உள்வளைவைக் கணினியில் கணக்குப் போட்டு வடிவமைத்தார்கள். டயாப்ரம் இன்னும் விசேஷம், அதை நுண்ணுயிர் நெய்தது. வினிகர் புளிக்க வைக்கிற இனத்து பாக்டீரியா உண்டாக்குகிற செல்லுலோஸ், அஜினோமோட்டோவோடு சேர்ந்து உருவாக்கியது. ஜெல்லி மாதிரிக் கடித்துச் சாப்பிடுகிறோமே நாட்டா டி கோகோ, அதுவும் இதே வகைச் செல்லுலோஸ்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருக்கிற ஒரு மூத்தவரிடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் அவரோடு மதியச் சாப்பாட்டில் ஹெட்போன் பேசிய பிறகு ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். கையைக் கழுவச் சொல்லித் துண்டு கொடுத்தார், கோயிலுக்குள் போகிற மாதிரி இருந்தது. தட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்பது நிமிடம் கேட்டேன். என் டெனானில் இருக்கிற பேஸ் இதில் இல்லை, முதல் இரண்டு நிமிடம் "இவ்வளவுதானா" என்றுகூடத் தோன்றியது. அப்புறம் ஒரு வீணைப் பதிவு போட்டேன். கமகத்தில் தந்தியை இழுத்து விடும்போது விரல் மெட்டின் மேல் உரசுகிற சத்தம், அது முடிந்த பிறகு தாளத் தந்தி மட்டும் மிச்சமாக நிற்பது, எல்லாம் நடு அறையில், எவ்வித அவசரமும் இல்லாமல். மூடிய ஹெட்போன் போட்டிருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. அவருக்கு வீணை புதிது. நான் கழற்றிக் கொடுத்ததும் தானும் முழுவதும் கேட்டுவிட்டு, இது எந்த மரத்தில் செய்வது என்று கேட்டார். பலாவுக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்வது என்று தெரியாமல் போனில் பழத்தின் படத்தைக் காட்டினேன்.

இந்த ஆர்10ஐ வாங்கச் சொல்ல மாட்டேன், இப்போது கேட்கிற விலைக்கு என்னால் சொல்ல முடியாது. டயாப்ரம் போனால் மாற்று கிடையாது. ஆடியோ-டெக்னிகாவின் பழைய மர மாடல்களும் (கம்பெனியின் நாற்பதாம் ஆண்டுக்கு வந்த டபிள்யூ2002, கருங்காலி இனத்து மரத்தில் வந்த டபிள்யூ5000) நகானோ, அகிஹபாரா பக்கம் கண்ணாடி அலமாரியில் தென்படும், குரலுக்காகவே வாங்குகிறவர்கள் அதைத்தான் தேட வேண்டும். நியூயார்க் புரூக்ளினில் கிராடோ குடும்பம் செய்த பழைய ஆர்எஸ்1ம் மகோகனிதான், ஆனால் அது முதுகு திறந்த ரகம், அங்கே மரத்தின் வேலையே வேறு, இதோடு ஒப்பிடக் கூடாது.

பழைய டி5000 வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு மூன்று விஷயம். நகானோவில் வாங்குவதற்கு முன் ஆன்லைனில் ஒரு தனிநபரிடம் ஒரு டி5000 வாங்கி ஏமாந்திருக்கிறேன். "புத்தம் புதுசு போல" என்று எழுதியிருந்தார், வந்ததோ இடது பக்கம் பேஸ் வரும்போதெல்லாம் கரகரவென்று. திருப்பி அனுப்புவேன் என்றால் பதிலே இல்லை. டிரைவர் போச்சு என்று இரண்டு நாள் துக்கம். கடைசியில் பேடைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், டயாப்ரத்தின் மேல் ஒரு முடி. ஒரே ஒரு நரைமுடி, சுருண்டு உட்கார்ந்திருந்தது. இடுக்கியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன், கரகரப்பு போய்விட்டது. ஆனால் அதன் மரக் கிண்ணத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது, அதைப் படத்தில் சாமர்த்தியமாகக் கீழே திருப்பி வைத்திருந்தார். அதைப் பிறகு கைமாற்றிவிட்டேன், விரிசலைப் படம் எடுத்துப் போட்டுத்தான்.

ஆகவே நேரில் பாருங்கள். டார்ச் கொண்டுபோங்கள். கிண்ணத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். தலைப்பட்டையும் கிண்ணமும் சேரும் கீலில் திருகெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய சாமானில் அவை தளர்வது சகஜம். முந்தைய ஆள் உள்ளே பஞ்சு, ரப்பர் ஷீட் எதையாவது ஒட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள், பலர் ஒட்டியிருப்பார்கள், அது நல்லதாகவும் இருக்கலாம் நாசமாகவும் இருக்கலாம். பேட் நிச்சயம் உரிந்திருக்கும், கறுப்புத் துகள் கழுத்தில் ஒட்டும், அதற்குத்தான் அந்த ஆம்ப் காசு. புது பேட் எடுக்கும்போது தடிமன் முக்கியம், ரொம்பத் தடியானது போட்டால் இடப்பரப்பு கூடும், ஆனால் அந்தத் தொப்பிச் சத்தம் மெலிந்துவிடும், நான் இரண்டு ஜோடி வீணடித்தேன்.

எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மேலே பூச்சு இருக்கிறது, எண்ணெய் உள்ளே போகாது, தூசிதான் ஒட்டும். உலர்ந்த துணி போதும்.

என் நண்பன் அன்று ராத்திரி தன் பழைய கிண்ணங்களையே திரும்பப் பூட்டிக்கொண்டு, மரம் எல்லாம் சும்மா பேச்சு, பேட் ஒன்றுதான் விஷயம் என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டுக் கடைசி ரயிலுக்குப் போனான். ஒன்பது நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய அதே டி2000, இரண்டு பக்கமும் பளபளவென்று மரக் கிண்ணம். "என்னடா இது?" என்று கேட்டேன்.

"சத்தத்துக்கு இல்ல மச்சான்" என்றான். "தட்டிப் பாத்தேன், நல்லா இருந்துச்சு."